வேலை போனால் ஈ.ஐ., மறுத்தால் அப்பீல்: கனடாத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் யாருக்காவது வேலை போனால், ஒரு கிழமைக்குள் கையில் கடித உறையோடு என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. பதினைந்து வருடம் பக்டரியில் நின்றவன். வேலை போனவருக்குக் கொடுக்கும் வேலைக் காப்புறுதிப் பணமான ஈ.ஐ.யை இரண்டு தரம் எடுத்தேன். அதில் ஒரு தரம் மறுத்துவிட்டார்கள், திரும்பக் கேட்டு வாங்கினேன். மேசையில் வந்து விழுகிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈ.ஐ. என்றால் வெல்ஃபெயர்தானே? எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

இல்லை. இது வேலைக் காப்புறுதி. உங்கள் பே ஸ்ரப்பை, அதாவது சம்பளச் சீட்டை, எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சம்பளத்திலும் ஈ.ஐ. என்று ஒரு தொகை வெட்டியிருப்பார்கள். நீங்கள் ஒரு டொலர் கட்டினால் முதலாளி ஒரு டொலர் நாற்பது சதம் கட்டுகிறார். கார் இன்சூரன்ஸ் கட்டியவர் விபத்துக்குப் பிறகு காசு கேட்கக் கூச்சப்படுவாரா? இந்தச் சட்டத்துக்காகவே 1940இல் கனடாவின் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். முன்பு வேலையின்மைக் காப்புறுதி என்று இருந்த பெயர் 1996இல் இப்போதுள்ள பெயராக மாறியது.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? ஆர்.ஓ.ஈ. இன்னும் வரவில்லையே.

ஆர்.ஓ.ஈ. என்பது வேலை முடிந்ததும் முதலாளி கொடுக்கும் வேலைப் பதிவுப் படிவம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கடைசி வேலை நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பிந்தினால் முன்னைய வாரங்களுக்கான பணம் போய்விடலாம். பிந்தியதற்கு நல்ல காரணம் இருந்தால் பழைய திகதிக்குப் போடும்படி கேட்கலாம், ஆனால் “எனக்குத் தெரியாது” என்பது மட்டும் அநேகமாகப் போதாது. விண்ணப்பம் மத்திய அரசின் சேவைப் பிரிவான சேர்விஸ் கனடாவின் இணையத்தில்தான். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), கடந்த 52 வாரத்தில் வேலை செய்த எல்லா இடங்களின் பெயரும் திகதியும், வங்கிக் கணக்கு இலக்கம், இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிறகு தபாலில் நான்கு இலக்க இரகசியக் குறியீடு ஒன்று வரும். பிஸ்ஸா விளம்பரங்களோடு அதையும் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

எத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும்?

420 முதல் 700 வரை, நீங்கள் இருக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்தது. 6 வீதம் அல்லது அதற்குக் கீழே என்றால் 700 மணி, 8.1க்கும் 9க்கும் இடையில் என்றால் 595 மணி, 13 வீதத்தைத் தாண்டினால் 420. கடந்த 52 வாரங்களுக்குள், அல்லது கடைசியாக ஈ.ஐ. தொடங்கிய பிறகு, எது குறுகிய காலமோ அதற்குள் இந்த மணிகள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் பகுதிநேரமாக வேலை செய்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டலாம்.

கையில் காசு வாங்கிச் செய்த வேலை ஒரு மணிகூடக் கணக்கில் வராது. “வெட்டு இல்லாமல் முழுச் சம்பளம்” என்று சொல்லித்தான் அந்த வேலையைத் தருவார்கள். வேலை போன அன்றைக்குத்தான் எதை வெட்டாமல் விட்டார்கள் என்று விளங்கும்.

எவ்வளவு வரும்? எத்தனை வாரம்?

சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதம். நீங்கள் கூடுதலாக உழைத்த வாரங்களை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள், அப்படி எத்தனை வாரங்களை எடுப்பார்கள் என்பது பகுதிக்குப் பகுதி 14 முதல் 22 வரை மாறும். உதாரணமாக, சராசரி 900 டொலர் என்றால் வாரம் 495 டொலர். உச்ச வரம்பு 2025இல் 695 டொலர், 2026இல் 729 டொலர். இதற்கும் வருமான வரி உண்டு, வருட முடிவில் ரி4ஈ படிவம் வரும். காசு வரும் காலம் 14 முதல் 45 வாரம்.

முதல் ஒரு வாரத்துக்குப் பணம் இல்லை என்பது வழக்கமான விதி. அமெரிக்க இறக்குமதி வரிச் சிக்கல் வந்த 2025இல் அதைத் தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள். நீங்கள் போடும் நேரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காசும் வேலை நீக்கக் கொடுப்பனவும் வாங்கியிருந்தால் ஈ.ஐ. தொடங்குவது வழமையாக அந்தளவுக்குத் தள்ளிப்போகும்.

ஆர்.ஓ.ஈ.யில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

பதினாறாம் கட்டம். வேலை ஏன் முடிந்தது என்பதை முதலாளி அங்கே ஓர் எழுத்தில் எழுதுவார். ஏ என்றால் வேலை குறைவு. ஈ என்றால் நீங்களாக விலகினீர்கள். எம் என்றால் உங்களை நீக்கினார்கள். டி சுகயீனம், கே வேறு காரணம். ஏ இருந்தால் அநேகமாகக் கேள்வி கேட்காமல் காசு வரும். ஈ அல்லது எம் இருந்தால் ஓர் அதிகாரி ஃபோன் எடுப்பார்.

இப்போது பெரும்பாலான முதலாளிகள் இதை இணையம் வழியாக நேரே அரசாங்கத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் கைக்குத் தாள் வராது. சேர்விஸ் கனடா கணக்கில் நுழைந்து பாருங்கள். எழுத்து பிழை என்றால் முதலில் சம்பளப் பிரிவுக்கு ஒரு ஈமெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். அவர்கள் திருத்தாவிட்டாலும் அந்த ஈமெயில் பிறகு உதவும்.

அதிகாரி ஃபோன் எடுத்தால் என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள். ஆனால் எந்தச் சொல்லால் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். நம்மாட்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

தமிழில் நாம் எப்படிச் சொல்வோம்? “அந்த வேலை நிண்டுபோச்சு.” “அங்கயிருந்து நிண்டிட்டன்.” “வேலையை விட்டுட்டன்.” “நிப்பாட்டிப்போட்டினம்.” பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாறி வரும், கேட்பவருக்கும் விளங்கும். ஈ.ஐ. சட்டத்தில் இவை மூன்று வேறு பெட்டிகள். வேலை இல்லாததால் அனுப்பினார்களா, குற்றம் சொல்லி நீக்கினார்களா, நீங்களாக விலகினீர்களா? “விட்டுட்டன்” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் மூன்றாவது பெட்டிக்குள் விழுவீர்கள். “நிப்பாட்டினவை” என்பதை மாற்றினால் இரண்டாவதுக்குள் விழக்கூடும், உண்மையில் நடந்தது முதலாவதாக இருந்தாலும்.

எனக்கு நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு பேக்கரிப் பக்டரியில் இரவு ஷிப்ட். ஒரு வெள்ளிக்கிழமை விடிய சூப்பர்வைசர் வந்து, திங்கட்கிழமையிலிருந்து இந்த லைன் ஓடாது, தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார். கூப்பிடவே இல்லை. மூன்றாம் கிழமை நானே போய் லொக்கரில் இருந்த சப்பாத்தையும் சோற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதை அவர்கள் விலகல் என்று எழுதிவிட்டார்கள். அதிகாரி கேட்டபோது நானும் “ஐ லெஃப்ட்” என்று சொல்லித் தொலைத்தேன். நான் நினைத்தது பக்டரியை விட்டு வெளியே வந்ததை. அவர் எழுதியது வேலையை விட்டதை. பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது.

ஆகவே ஃபோன் வருவதற்கு முன் இரண்டு வரி எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்: கடைசியாக வேலை செய்த நாள், அன்று யார் என்ன சொன்னார். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டாம். இன்னொரு நேரம் எடுக்கச் சொல்லலாம்.

நான் உண்மையாகவே விலகினேன். எனக்கு ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கலாம். 1993இலிருந்து நியாயமான காரணம் இல்லாமல் விலகியவர்களுக்கு முழுதாக மறுப்புத்தான். அதுவரை சேர்த்த மணிகளும் போய்விடும். ஆனால் நியாயமான காரணங்கள் என்னென்ன என்று சட்டமே ஒரு பட்டியல் தருகிறது: தொந்தரவு அல்லது பாலியல் தொல்லை, பாகுபாடு, உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்தான வேலைச் சூழல், சம்பளத்தில் பெரிய மாற்றம், அளவுக்கு மீறிய ஓவர்டைம், வேறு ஊருக்குப் போகும் கணவனோடோ மனைவியோடோ போக வேண்டிய நிலை, பிள்ளையையோ நெருங்கிய குடும்பத்தவரையோ பார்க்க வேண்டிய கட்டாயம், விலகும்படி முதலாளி கொடுத்த நெருக்குதல். இதற்கு வெளியே உள்ள காரணங்களையும் சொல்லலாம்.

காரணம் இருந்தால் மட்டும் போதாது. விலகுவதைத் தவிர வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதிகாரி கேட்கும் அடுத்த கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்: மனேஜரிடம் முறையிட்டீர்களா? ஷிப்ட் மாற்றிக் கேட்டீர்களா? டொக்டரிடம் போனீர்களா? லீவு கேட்டீர்களா? விலகுவதற்கு முன் வேறு வேலை தேடினீர்களா? ஓர் அக்கா இடுப்பு வலியால் வேலையை விட்டார். டொக்டர் துண்டு எடுத்ததோ விலகி ஒரு மாதம் கழித்து. வலி பொய்யில்லை, திகதிதான் அவருக்கு எதிராக நின்றது. இன்னும் விலகாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசியுங்கள்.

என்னை நீக்கினார்கள். குற்றம் என்னுடையது என்று சொல்கிறார்கள்.

நீக்கப்பட்டது மட்டும் மறுப்புக்குக் காரணம் ஆகாது. “தவறான நடத்தை” என்று ஈ.ஐ. முடிவுகளுக்குப் பொறுப்பான ஆணைக்குழு நிரூபிக்க வேண்டும். அதாவது, வேண்டுமென்றோ அல்லது விளைவைப் பற்றிக் கவலைப்படாமலோ செய்தீர்கள், அதனால் வேலை போகக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும். வேகம் போதாது, பழகவில்லை, தெரியாமல் பெட்டியை மாற்றி ஏற்றிவிட்டீர்கள் என்றால் அது வேறு. எச்சரிக்கைக் கடிதம் தந்த பிறகும் திரும்பத் திரும்பப் பிந்தி வந்தீர்கள் என்றால் கதை கடினம்.

அத்தானின் கடையில் வேலை செய்தேன். அது செல்லுமா?

உண்மையான வேலை என்றால் செல்லலாம். உறவினரிடம் செய்த வேலையை மட்டும் கூடுதலாக நோண்டுவார்கள். அந்நியர் ஒருவரை வைத்திருந்தாலும் இதே சம்பளம், இதே மணி, இதே வேலை கொடுத்திருப்பாரா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது சேர்விஸ் கனடா அல்ல, கனடா வருமான முகவரகம். அதை எதிர்ப்பதற்கும் வேறு பாதை, கடைசியில் வரி நீதிமன்றம். கம்பனியின் வாக்குரிமைப் பங்குகளில் 40 வீதத்துக்கு மேல் உங்கள் கையில் இருந்தால் அந்த வேலைக்குக் காப்புறுதியே கிடையாது. சம்பளம் வங்கி வழியாக வந்திருப்பது பெரிய பலம்.

ஈ.ஐ. எடுக்கும்போது சின்ன வேலை செய்யலாமா?

செய்யலாம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கொடுக்கும் அறிக்கையில், எந்த வாரம் வேலை செய்தீர்களோ அந்த வாரத்துக்கு, வரி வெட்டுவதற்கு முந்திய தொகையைப் போட வேண்டும். சம்பளம் கைக்கு வந்த வாரத்துக்கு அல்ல. ஒரு டொலர் உழைத்தால் 50 சதம் வெட்டுவார்கள். மேலே சொன்ன 495 டொலர்க்காரர் ஒரு வாரம் 300 டொலர் உழைத்தால் ஈ.ஐ. 345 ஆகும், சம்பளத்தோடு சேர்த்து 645. பழைய சராசரிச் சம்பளத்தில் 90 வீதத்தைத் தாண்டினால் அதற்கு மேல் டொலருக்கு டொலர் வெட்டு.

வேலை தேடிய பதிவையும் வையுங்கள். எந்த நாள், எந்த இடம், யாரோடு பேசினீர்கள். பிள்ளையின் பழைய பள்ளிக் கொப்பி போதும். ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஊருக்குப் போய் வரலாமா?

பொதுவாக, கனடாவுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்குக் காசு இல்லை. சில விலக்குகள் உண்டு. நெருங்கிய உறவின் மரணச் சடங்குக்கு, கடும் சுகயீனமான நெருங்கிய குடும்பத்தவரைப் பார்க்க, வேலை நேர்முகத்துக்கு ஏழு நாள். உண்மையாக வேலை தேடப் போனால் பதினான்கு நாள். கலியாண வீடும் நல்லூர்த் திருவிழாவும் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணம் போய்ச் செத்தவீட்டுக்கு நின்று, எட்டுச் செலவும் முடித்துவிட்டு வர ஏழு நாள் எந்த மூலைக்குக் காணும் என்று கேட்பீர்கள். காணாதுதான். மிச்ச நாட்களுக்குப் பணம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

சொல்லாமல் போய் வருவது வேண்டாம். எல்லையில் கிடைக்கும் பயணத் தகவலை ஈ.ஐ. கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2001இல் சொல்லிவிட்டது. “கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா” என்று அறிக்கையில் கேட்கும்போது ஆம் என்று போட்டால் சில நாள் காசுதான் குறையும். இல்லை என்று போட்டுப் பிடிபட்டால் வாங்கியதையும் கட்டி, தண்டமும் கட்டி, அடுத்த தரம் ஈ.ஐ. எடுக்கக் கூடுதல் மணிகளும் சேர்க்க வேண்டிவரும்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. முடிந்ததா?

முடியவில்லை. ஊரில் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், ஒருவர் முடியாது என்றால் முடியாதுதான், அந்தப் பழக்கத்தில் நம்மில் பலர் முதல் கடிதத்தோடு அடங்கிவிடுகிறார்கள். இங்கே அந்த முடிவை எடுத்தவர் ஓர் அதிகாரி, அவருடைய கையில் இருந்தது ஓர் ஆர்.ஓ.ஈ.யும் ஒரு ஃபோன் குறிப்பும்.

முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். ஒரு படிவம்தான், கட்டணம் இல்லை. வேறோர் அதிகாரி பார்ப்பார், உங்களையும் முதலாளியையும் திரும்பக் கேட்பார். கடித உறையை எறியாதீர்கள், வந்த நாளை அதன் மேலேயே எழுதுங்கள். பிந்திவிட்டால் ஏன் பிந்தியது, கேட்கும் எண்ணம் இடையில் விடாமல் இருந்ததா என்று விளக்க வேண்டும்.

படிவத்தில் கோபத்தை எழுத வேண்டாம். “இருபது வருடம் இந்த நாட்டுக்கு வரி கட்டினேன்” என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து அவர்களால் எதையும் மாற்ற முடியாது. கடிதம் எந்தக் காரணத்தைச் சொல்கிறதோ அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நான் எழுதியது ஏழு வரி. லைன் நிறுத்தப்பட்ட நாள், சூப்பர்வைசர் சொன்னது, “இந்தக் கிழமை வேலை இல்லை” என்று அவர் எனக்கு அனுப்பிய இரண்டு குறுஞ்செய்திகளின் படம், கடைசி மூன்று பே ஸ்ரப். என்னோடு நின்ற ஒரு பிலிப்பினோ நண்பர், தன்னையும் அதே நாள் அனுப்பியதாக அரைப் பக்கம் எழுதித் தந்தார். முடிவு மாறியது, விட்ட வாரங்களின் காசும் சேர்ந்து வந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். இழுபடும் காலம் முழுதும் இரண்டு கிழமை அறிக்கைகளைத் தொடர்ந்து கொடுங்கள். காசு வராதே, எதற்கு என்று நிறுத்தியவர்கள், வென்ற பிறகு அந்த வாரங்களுக்காக இன்னொரு தரம் வாதாட வேண்டி வந்தது.

மீள்பரிசீலனையிலும் இல்லை என்றால்?

சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தின் பொதுப் பிரிவு. மறுபடி 30 நாள். 2013இல் தொடங்கிய இது ஆணைக்குழுவிலிருந்து தனித்து இயங்குகிறது. இதற்கும் கட்டணம் இல்லை. ஓர் உறுப்பினர் மட்டும் கேட்பார். ஃபோனிலோ வீடியோவிலோ நேரிலோ எது வசதி என்று உங்களையே கேட்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களே இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். மகளை உட்கார வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள். அவள் அப்பாவுக்குச் சாதகமாக நாலு சொல்லைத் தானாகச் சேர்ப்பாள், அது உறுப்பினருக்கு உடனே தெரியும்.

விசாரணை நாளுக்கு முன் உங்கள் முழுக் கோப்பின் பிரதியும் வரும். அதைக் கட்டாயம் வாசியுங்கள். ஒவ்வொரு ஃபோன் அழைப்பின் குறிப்பும் அதில் இருக்கும், முதலாளி உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதும் இருக்கும். நீங்கள் சொல்லாதது எழுதப்பட்டிருந்தால் பக்க இலக்கத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல வழக்குகளில் ஆணைக்குழுவின் ஆள் யாரும் வருவதில்லை, எழுதி அனுப்பியதோடு விட்டுவிடுவார்கள். நேரில் நின்று நடந்ததைச் சொல்பவர் நீங்கள் மட்டும்தான்.

அங்கேயும் தோற்றால் மேன்முறையீட்டுப் பிரிவு உண்டு. அது கதையைத் திரும்பக் கேட்கும் இடம் அல்ல. பொதுப் பிரிவு சட்டத்திலோ நடைமுறையிலோ பிழை விட்டது, அல்லது நடந்ததை விளங்கிக்கொண்டதில் பெரிய பிழை விட்டது என்று காட்டி முதலில் அனுமதி பெற வேண்டும். அந்தக் கட்டத்தில் சட்ட உதவி இல்லாமல் போகாதீர்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

ஒன்ராறியோவில் லீகல் எய்ட் பணத்தில் நடக்கும் சமூகச் சட்ட நிலையங்கள் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம், ஆனால் முன்னேரமே கூப்பிட வேண்டும். கோப்பு எங்கோ தேங்கிக் கிடந்தால் உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் கேளுங்கள், ஈ.ஐ. மத்திய அரசின் விடயம் என்பதால் விசாரித்துச் சொல்வார்கள். பிளாசாவில் ஃபோட்டோகொப்பி மெஷினோடு இருந்து 300 டொலர் கேட்பவரிடம் போக வேண்டாம்.

அதுவரைக்கும் வாடகைக்கு என்ன செய்வது?

மாகாணத்தின் வெல்ஃபெயர் உதவியான ஒன்ராறியோ வேர்க்ஸ் கேட்கலாம். பிறகு ஈ.ஐ. வந்தால் அதிலிருந்து திருப்பித் தருவதாகக் கையெழுத்து வாங்குவார்கள்.

நான் தற்காலிக அனுமதியில் இருப்பதால் எனக்கு சின் நம்பர் ஒன்பதில் தொடங்குகிறது. கேட்கலாமா?

செல்லுபடியாகும் வேலை அனுமதியும் போதிய மணிகளும் இருந்தால் கேட்கலாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்களும் இதில் அடங்குவர். அனுமதி முடிகிற திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது முடிந்தால் நீங்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

தந்த காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

அதுவும் ஒரு முடிவுதான், அதற்கும் 30 நாளுக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். முதலில் எந்த வாரங்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அறிக்கையில் போட்ட தொகையும் முதலாளி கொடுத்த தொகையும் பொருந்தாத வாரங்களாக இருக்கும். உங்கள் பே ஸ்ரப்பை வாரம் வாரமாக அடுக்கிச் சரிபாருங்கள். பிழை உங்களுடையது என்று தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் தண்டம் இல்லாமல் போகலாம், கடனை மட்டும் கட்டினால் போதும். அதை வாங்குவது வருமான முகவரகம். ஒரே தரத்தில் முடியாது என்றால் கூப்பிட்டு மாதம் இவ்வளவு என்று பேசி வையுங்கள். பேசாமல் விட்டால் அடுத்த வருட வரித் திருப்பத்தில் பிடித்துக்கொள்வார்கள்.